உச்ச நீதிமன்றம் வரை வந்த அப்போஸ்தலர் தோமாவின் ஆசனம்

புது தில்லி: முதல் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் பிறந்த ஒரு யூதருக்குத் தனி ஆசனம் உண்டா, இல்லையா என்ற விவாதம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை வந்தது. அந்த யூதர், இயேசு கிறிஸ்துவின் பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவரான தோமா. தமிழகக் கத்தோலிக்கர்களுக்கு அவர் தோமையார். கேரளக் கிறிஸ்தவர்களுக்கு மார் தோமா. வழக்கின் மறுபுறம் நின்றவை கேரளத்தில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்கள், அவற்றின் சொத்துகள், கல்லறைகள்.

கண்ணால் காணாமல் நம்ப மாட்டேன் என்று கூறியவராக உலகம் நினைவில் வைத்திருக்கும் மனிதர் அவர். அவர் இந்தியா வந்தாரா என்பதற்கே இன்று சான்று கேட்கப்படுகிறது.

நான்கு காட்சிகள்: தோமாவின் பிறப்பு, பெற்றோர், தொழில் பற்றி நற்செய்தி நூல்களில் குறிப்பு ஏதும் இல்லை. தோமா என்பதே இயற்பெயர் அன்று. அரமேய மொழியில் அச்சொல்லுக்கு இரட்டையர் என்று பொருள். அதையே கிரேக்கத்தில் திதிமு என்றனர். சிரிய மரபு அவரை யூதா தோமா என்று அழைக்கிறது.

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளும் பன்னிருவர் பட்டியலில் அவர் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக் கொள்கின்றன. யோவான் நற்செய்தி மட்டுமே அவரை நான்கு இடங்களில் மனிதராகக் காட்டுகிறது.

யூதேயாவில் கல்லெறியக் காத்திருந்தவர்கள் நடுவே இயேசு மீண்டும் செல்ல முற்பட்டபோது மற்ற சீடர்கள் தயங்கினர். அவரோடு சென்று சாவதானாலும் சாவோம் என்ற கருத்தில் சக சீடர்களை அழைத்தவர் தோமா. கடைசி இரவு உணவின்போது இயேசு தாம் செல்லும் இடத்தைப் பற்றிப் பேச, இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டவரும் அவரே. கோழை என்றோ, நம்பிக்கையற்றவர் என்றோ அவரைச் சொல்ல இவ்விரு காட்சிகளும் இடம் தரவில்லை.

மூன்றாவது காட்சியே புகழ் பெற்றது. உயிர்த்தெழுந்த இயேசு முதல் முறை சீடர்களுக்குத் தோன்றி, அவர்கள் மீது ஊதித் தூய ஆவியை அளித்த மாலையில் தோமா அங்கு இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஆணிகளின் தழும்பைக் காண வேண்டும், விலாவில் கையிட வேண்டும் என்றார். எட்டு நாள்களுக்குப் பின் இயேசு மீண்டும் தோன்றி, தொட்டுப் பார்க்க அவரை அழைத்தார். அவர் தொட்டாரா என்பதை நற்செய்தி சொல்லவில்லை. இயேசுவைத் தம் ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அவர் அறிக்கையிட்டதை மட்டும் சொல்கிறது. நான்காவது காட்சியில், கலிலேயா ஏரியில் மீன் பிடிக்கச் சென்ற சீடர்களோடு அவர் இருக்கிறார். எருசலேமில் மாடியறையில் கூடியிருந்தவர்களின் பட்டியலில் அப்போஸ்தலர் பணிகள் நூல் அவர் பெயரைக் கடைசியாகக் குறிப்பிடுகிறது. அதன் பிறகு புதிய ஏற்பாட்டில் அவரைப் பற்றிய பேச்சே இல்லை.

சாட்சியே தகுதி: யார் அப்போஸ்தலர் என்ற கேள்விக்குத் தொடக்கத் திருச்சபை வகுத்த இலக்கணம் எளிமையானது. காட்டிக்கொடுத்த யூதாஸின் இடத்துக்கு மத்தியாஸைத் தேர்ந்தெடுத்தபோது, இயேசுவுடன் தொடக்கம் முதல் இருந்தவர், அவர் உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சியாக நிற்கக்கூடியவர் என்பதே தகுதியாக வைக்கப்பட்டது. உடன் வாழ்ந்திராத பவுல்கூட, உயிர்த்தெழுந்தவரைத் தாமும் கண்டதாகச் சொல்லித்தான் அப்போஸ்தலர் என்ற பெயருக்கு உரிமை கோரினார்.

எருசலேம் கோயிலில் வழிபட்டுவந்த யூதர்களின் சிறு குழுவாகவே அந்தச் சமயம் தொடங்கியது. ஏறத்தாழ கி.பி. 49-ல் பேதுரு, யாக்கோபு, பவுல் ஆகியோர் எருசலேமில் கூடினர். யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் செய்துகொள்ளத் தேவையில்லை என்ற முடிவு அங்கு எடுக்கப்பட்டது. பிற இனத்தாருக்குக் கதவு திறந்தது. கி.பி. 70-ல் ரோமப் படை எருசலேம் கோயிலைத் தகர்த்தது. கண்ணால் கண்ட தலைமுறையும் ஒவ்வொருவராக மறைந்தது. கேட்டதை எழுதி வைக்க வேண்டிய தேவை எழுந்தது.

யோவான் நற்செய்தி முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகின்றனர். அதைப் படித்தவர்களில் இயேசுவை நேரில் கண்டவர்கள் அநேகமாக இல்லை. காணாமல் நம்புவோரின் பேறு பற்றிய சொற்களுடன் தோமாவின் நிகழ்ச்சி முடிவது அந்த வாசகர்களுக்காகவே. கிறிஸ்துவின் உடல் மெய்யன்று, வெறும் தோற்றமே என்று வாதிட்டவர்களுக்கு மறுப்பாகவும் அந்தத் தழும்புகள் எடுத்துக்காட்டப்பட்டன. கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் கிறிஸ்து மெய்யான கடவுள் என்று விசுவாச அறிக்கை வகுப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே, அதே கருத்தைத் தோமாவின் வாய்மொழியாக அந்த நற்செய்தி பதிவு செய்திருந்தது.

பெயருக்குப் போட்டி: அப்போஸ்தலரின் பெயருக்கு அதிகாரம் இருந்ததால், அப்பெயரில் நூல்கள் பெருகின. எகிப்தில் நாக் ஹம்மாதி என்னும் ஊருக்கு அருகே 1945-ல் ஒரு சாடியில் கிடைத்த பழஞ்சுவடிகளில் தோமா நற்செய்தி என்ற நூலும் இருந்தது. காப்டிக் மொழியில் அமைந்த அதில் இயேசுவின் பெயரால் 114 மொழிகள் உள்ளன. சிலுவை மரணமோ, உயிர்த்தெழுதலோ அதில் சொல்லப்படவில்லை. மறைபொருளை அறிவதே மீட்பு என்ற போக்கு அதில் தென்படுகிறது. நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், தோமாவின் பெயரில் வழங்கிய நற்செய்தியைப் படிக்க வேண்டாம் என்று எச்சரித்தார்.

எது உண்மையான போதனை என்ற குழப்பத்துக்கு, லியோன் நகர ஆயர் ஐரேனியஸ் கி.பி. 180-ஐ ஒட்டி ஒரு விடை சொன்னார். நற்செய்திகள் நான்குதான் என்றார். அப்போஸ்தலர்கள் நிறுவிய சபைகளில் ஆயர்களின் வரிசை அறுபடாமல் தொடர்கிறது. அங்கு கற்பிக்கப்படுவதே உண்மை என்றும் வாதிட்டார். ரோமும் அந்தியோக்கியாவும் பேதுருவைத் தங்கள் முதல்வராகச் சொல்லிக்கொண்டன. அப்போஸ்தலரின் ஆசனம் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் கேரளத் தேவாலயங்களின் சாவியை யார் வைத்திருப்பது என்ற வழக்குக்கு விதை அங்கேதான் ஊன்றப்பட்டது.

கிழக்கின் அப்போஸ்தலர்: பவுலின் பயணங்கள் ரோமப் பேரரசுக்குள் மேற்கு நோக்கி அமைந்தன. ரோமுக்கு வெளியே, பார்த்திய நாடு தோமாவுக்கு உரியதாக ஒதுக்கப்பட்டது என்ற செய்தியை நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசிபியஸ் தந்துள்ளார். இன்று துருக்கியில் உர்ஃபா என வழங்கும் எடெசா நகரம் சிரிய மொழிக் கிறிஸ்தவத்தின் தலைநகராக விளங்கியது. தோமாவின் பணிகள் என்ற நூல் அவ்வட்டாரத்தில் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது.

அந்நூலின்படி, அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொண்டபோது தோமாவுக்கு இந்தியா விழுந்தது. அவர் செல்ல மறுத்தார். இயேசுவே தோன்றி அவரை அபான் என்ற வணிகனுக்கு அடிமையாக விற்றார். கட்டடக் கலைஞர் என்று அறிமுகமான தோமாவிடம் மன்னர் கொண்டோபரஸ் அரண்மனை கட்டப் பணம் கொடுத்தார். அவர் அதை ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, அரண்மனை விண்ணுலகில் எழுகிறது என்றார். சிறையிலிருந்து விடுபட்டு வேறொரு நாட்டுக்குச் சென்ற அவர், மஸ்தாய் என்ற மன்னரின் ஆணைப்படி வீரர்களின் ஈட்டிகளால் கொல்லப்பட்டார்.

கொண்டோபரஸ் என்ற மன்னரே கற்பனை என்றுதான் வெகுகாலம் எண்ணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் கிடைத்த காசுகளில் அவர் பெயர் இருந்தது. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் உள்ள தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டு, அவரது ஆட்சியின் 26-ம் ஆண்டைக் குறிக்கிறது. அது ஏறத்தாழ கி.பி. 46 எனக் கணிக்கப்படுகிறது. மன்னர் உண்மை, காலமும் பொருந்துகிறது. ஆனால் தோமாவின் வருகையை அக்காசுகளோ கல்வெட்டோ சொல்லவில்லை. அந்நூலில் வரும் இந்தியாவும் வடமேற்கு இந்தியாதான்.

முசிறியில் இறங்கியவர்: கேரள மரபு வேறு திசை காட்டுகிறது. கி.பி. 52-ல் தோமா கொடுங்கல்லூர் அருகே கடல் வழியாக வந்திறங்கினார் என்பது அங்குள்ள நம்பிக்கை. கொடுங்கல்லூர், பாலயூர், கொட்டக்காவு, கோக்கமங்கலம், நிரணம், நிலக்கல், கொல்லம் ஆகிய ஏழு இடங்களில் அவர் சபைகளை நிறுவியதாக வாய்மொழிப் பாடல்கள் கூறுகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கோட்டில் உள்ள தேவாலயம் அரைப்பள்ளி என்று சேர்த்து எண்ணப்படுகிறது.

பயணம் நடந்திருக்கக்கூடியதே என்பதில் ஐயமில்லை. பருவக்காற்றைப் பயன்படுத்திச் செங்கடலிலிருந்து மிளகுக்காக ஆண்டுதோறும் கப்பல்கள் முசிறிக்கு வந்ததை ரோம எழுத்தாளர் பிளினியும் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளுசும் பதிவு செய்துள்ளனர். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடலும் அறியும். கொடுங்கல்லூரை அடுத்த பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு கவுன்சில் நடத்திய அகழாய்வில் ரோம நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. கப்பல் வந்ததற்குச் சான்று உண்டு. அக்கப்பலில் தோமா இருந்ததற்கு இல்லை.

உறுதியான சான்றுகள் பின்னரே தொடங்குகின்றன. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய வணிகர் காஸ்மஸ், மிளகு விளையும் மலபாரில் கிறிஸ்தவர்கள் இருந்ததாகக் குறிப்பிட்டார். கி.பி. 849-ல் வேணாட்டு அரசர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிகள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டுள்ளனர். உள்ளூர் அரசரின் ஆதரவில், இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு பிணைந்து வாழ்ந்த சமூகத்தின் ஆவணம் அது.

தோமா நம்பூதிரிகளை மதம் மாற்றினார் என்ற கதையும் அச்சமூகத்தில் நிலைத்தது. முதல் நூற்றாண்டில் கேரளத்தில் நம்பூதிரிக் குடியிருப்புகள் இருந்ததற்குச் சான்றில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். சாதி அடுக்கில் உயர்ந்த இடத்தைக் கோர அக்கதை உதவியது. பிற்காலத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித் மக்களோ அதே மதத்துக்குள்ளும் வெளியே நிறுத்தப்பட்டனர்.

மயிலைக் கல்லறை: கி.பி. 72-ல் தோமா மயிலாப்பூரை அடுத்த குன்றில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது தென்னாட்டு மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அங்குள்ள கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வந்ததை எழுதினார். ஆனால் அவர் கேட்டறிந்த கதையில் கொலை இல்லை. மயில் வேட்டையாடிய ஒருவரின் அம்பு தவறுதலாகப் பாய்ந்து தோமா இறந்ததாகவே அவர் குறித்தார். சிரிய நூலில் கொன்றவர்கள் அரச வீரர்கள். பிற்காலக் கதைகளில் அந்தணர்கள். மரணத்தைப் பற்றிய கதை, சொன்னவர்களுக்கேற்ப மாறி வந்துள்ளது.

எலும்புகளும் ஓரிடத்தில் இல்லை. இந்தியாவிலிருந்து அவை எடெசாவுக்கு வந்ததாக நான்காம் நூற்றாண்டுச் சிரியக் கவிஞர் எப்ரேம் பாடினார். பின்னர் கியோஸ் தீவுக்கும், 1258-ல் இத்தாலியின் ஓர்தோனாவுக்கும் அவை சென்றதாகக் கூறப்படுகிறது. அங்கிருந்து ஒரு பகுதி 1953-ல் கொடுங்கல்லூருக்குக் கொண்டுவரப்பட்டது.

போர்த்துகீசியர் 1523-ல் மயிலைக் கல்லறையைத் தோண்டித் தேவாலயம் எழுப்பினர். பரங்கிமலையில் 1547-ல் பாரசீகப் பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவை கிடைத்தது. இன்றுள்ள சாந்தோம் பேராலயம் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது. பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையை ஒட்டி இருந்ததாகவும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் பலர் கூறுகின்றனர். தோமாவின் பெயரால் நடந்தவற்றுக்கும் தோமாவுக்கும் இடையே பதினைந்து நூற்றாண்டு இடைவெளி உண்டு என்பதை இவ்விவாதத்தில் இரு தரப்பும் மறந்துவிடுவது வழக்கம்.

தோமா வழியும் பேதுரு வழியும்: கேரளத்துக்கு வந்த போர்த்துகீசியர், போப்பை அறியாத கிறிஸ்தவர்களைக் கண்டு வியந்தனர், பின்னர் அவர்களைத் தம் வழிக்குக் கொண்டுவர முனைந்தனர். 1599-ல் கோவா பேராயர் மெனெசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சபை, தோமாவின் சட்டம் வேறு, பேதுருவின் சட்டம் வேறு என்று உள்ளூர் மக்கள் கொண்டிருந்த கருத்தைத் தவறு என்று தள்ளியது. 1653-ல் மட்டாஞ்சேரியில் சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து, இயேசு சபைத் துறவிகளுக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று மக்கள் சூளுரைத்தனர். கூனன் சிலுவைச் சத்தியம் எனப்படும் அந்நிகழ்ச்சி, ஐரோப்பிய ஆதிக்கத்துக்கு எதிரான இந்திய எழுச்சிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

ஒரு பகுதியினர் ரோமுக்குத் திரும்பினர். மற்றவர்கள் அந்தியோக்கியப் பாட்ரியார்க்குடன் உறவு கொண்டனர். அந்த உறவே அடுத்த பூசலாக வளர்ந்தது. 1912-ல் நிரணத்தில் இந்தியாவுக்கெனக் கத்தோலிக்கோஸ் பதவி ஏற்படுத்தப்பட்டது. 1934-ல் இயற்றப்பட்ட மலங்கரை சபையின் சட்டம், அச்சபையை நிறுவியவர் தோமா என்று எழுதி வைத்தது. 1958-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன.

சமாதானம் நீடிக்கவில்லை. தாம் தோமாவின் ஆசனத்தில் அமர்ந்திருப்பதாகக் கத்தோலிக்கோஸ் குறிப்பிடுவதைப் பாட்ரியார்க் மூன்றாம் யாக்கூப் 1970 ஜூனில் எழுதிய கடிதத்தில் ஆட்சேபித்தார். தோமாவுக்கு ஆசனம் மட்டுமன்று, குருத்துவமே இல்லை என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய சான்று, உயிர்த்தெழுந்த இயேசு சீடர்கள் மீது ஊதிய மாலையில் தோமா அங்கு இல்லை என்ற யோவான் நற்செய்தியின் பகுதி. எருசலேமில் ஒரு நாள் வராதிருந்தது, கோட்டயத்தில் அதிகாரத்தை மறுக்கும் ஆதாரமாயிற்று. 1975-ல் சபை மீண்டும் இரண்டாகப் பிளந்தது.

உச்ச நீதிமன்றம் 1995-ல் 1934-ம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பாட்ரியார்க்கின் ஆன்மிகத் தலைமையை ஏற்றாலும், சபை நிர்வாகத்தில் அவரது அதிகாரம் மறையும் நிலைக்கு வந்துவிட்டதாக அது கண்டது. 2017-ல் அச்சட்டம் எல்லாப் பங்குகளையும் கட்டுப்படுத்தும் என்று மீண்டும் உறுதி செய்தது. அத்தீர்ப்பு வெளியான ஜூலை 3, தோமாவின் திருநாள். தேவாலயங்களைக் கைமாற்றும்போது மோதல்கள் நடந்தன. இறந்தவர்களைக் குடும்பக் கல்லறையில் புதைக்க முடியாமல் உறவினர்கள் தவித்தனர். அதற்கென்றே 2020-ல் கேரள சட்டப்பேரவை தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

நாட்டின் பார்வையில்: குடியரசு இந்தியா தோமாவைத் தன் வரலாற்றில் ஒருவராகவே ஏற்றது. 1955-ல் தலைநகரில் நடந்த தோமா விழாவில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பங்கேற்று, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு முன்பே கிறிஸ்தவம் இந்தியாவுக்கு வந்ததை எடுத்துரைத்தார். 1964-லும் 1973-லும் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2006-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆற்றிய உரை, தோமா மேற்கு இந்தியாவோடு நின்றுவிட்டார் என்று பொருள்பட அமைந்ததாகக் கருதிக் கேரளத்தில் அதிருப்தி எழுந்தது. கிறிஸ்தவம் ஆங்கிலேயருடன் வந்த அன்னிய மதம் என்ற பிரசாரத்துக்கு எதிராகத் தோமாவின் பெயரே முதலில் நிறுத்தப்படுவதால், அந்த அதிருப்தியின் வேகம் புரிந்துகொள்ளக்கூடியதே.

ஆனால் இந்தியக் கிறிஸ்தவரின் குடியுரிமைக்குக் கி.பி. 52 என்ற ஆண்டு தேவையில்லை. நேற்று மதம் மாறியவருக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு அதே உரிமையைத் தருகிறது. பழமை வேண்டுமென்றாலும் 849-ம் ஆண்டுச் செப்பேடு போதும். தோமா முசிறிக்கு வந்தாரா என்பதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடலாம். சான்று கேட்பவர்களைக் கண்டு அவருடைய சமூகம் அஞ்சவும் வேண்டியதில்லை. சான்று கேட்ட தோமாவைப் பன்னிருவரும் தங்களிடமிருந்து விலக்கவில்லை.